மேக்னட்ரானும் என் மகளின் மதியச் சோறும்

முதலில் கை தட்டியது யார்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேட்டவள் என் மகள், வயது ஐந்து. கேட்டது மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் மேக்னட்ரான் என்கிற வெற்றிடக் குழாயைப் பற்றி. விழித்தது நான். மின்னணுப் பொறியியலில் பட்டம் வாங்கியவள். அந்தக் குழாயின் குறுக்குவெட்டுப் படத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்லூரியில் அது ஒரு பதினாறு மதிப்பெண் கேள்வி. 'கண்டிப்பா வரும்' என்று எங்கள் ஆசிரியர் சொல்லிவிட்டார். நடுவில் சின்ன வட்டம், அது கேத்தோடு. சுற்றிப் பெரிய வட்டம், அது ஆனோடு. பெரிய வட்டத்தில் சாவித் துவாரம் போல எட்டுக் குழிகள். படத்துக்குப் பென்சில், பெயர்களுக்குக் கறுப்பு மை, கடைசிச் சமன்பாட்டைச் சுற்றி ஒரு கட்டம். கட்டம் போட்டால்தான் திருத்துகிறவர் கண்ணில் படும். புரிந்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நிறைய மதிப்பெண் வந்தது. பிறகு எல்லோரையும் போல மென்பொருளுக்கு வந்து, கல்யாணமாகி, ஹைதராபாதில் கொண்டாப்பூருக்குக் குடிவந்தேன். இங்கே என் வேலை சோதனை செய்வது. மற்றவர்கள் எழுதிய நிரல் எங்கே, எப்போது, எப்படிக் கெட்டுப்போகும் என்று யோசிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன்.

மைக்ரோவேவ் அடுப்பு வீட்டுக்கு வந்தபோது மகள் என் வயிற்றில் இருந்தாள். அதை ஓடவிட்டுவிட்டு நான் ஹாலுக்குப் போய் நின்றுகொள்வேன். ஹாலும் போதாது என்று சில நாட்கள் பால்கனிக்குப் போனதுண்டு. அவள் தவழ ஆரம்பித்ததும் சமையலறைத் தரையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு கோடு ஒட்டினேன். மெஷின் ஓடும்போது 'ரே', அதாவது கதிர், வரும்; யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது.

"எல்லைக் கோடு போட்டாச்சு. ஜவான்க எப்ப வர்றாங்க?" என்றார் கணவர். நாங்கள் இருவருமே கோயம்புத்தூர்ப் பக்கம். அவர் அந்தப் பக்கத்துக் கிண்டலைக் குறையாமல் இங்கே கொண்டுவந்திருக்கிறார்.

கோடு மட்டும் என்றால் பரவாயில்லை. 'டிங்' என்று மணி அடித்த பிறகும் நான் கதவைத் திறக்க மாட்டேன். "இரு கண்ணு, அடங்கட்டும்" என்பேன். என்ன அடங்க வேண்டும்? ஒன்றும் இல்லை. மின்சாரம் நின்ற நொடியில் அலையும் நின்றுவிடும். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குமா? தங்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், உள்ளே ஏதோ கொஞ்சம் சுற்றிக்கொண்டிருப்பது போலவும் அதற்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பது போலவும் நின்றேன். படித்தது ஒரு காதில், பயம் மறு காதில். இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

மகளுக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்டிருக்கிறது.

பள்ளி முடிந்ததும் அவள் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் டேகேருக்குப் போவாள். நடத்துகிற ஆன்ட்டி செகந்திராபாதிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அவர் தமிழுக்குள் தக்கனி உருதுவும் இங்கிலீஷும் தாராளமாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளின் சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுப்பார். ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு.

"என்னம்மா, உன் பேபி சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குது. நக்கோ நக்கோன்னு கையைத் தள்ளுது."

"ஆறிப்போச்சுங்களா ஆன்ட்டி?"

"ஆறலம்மா. சூடு பண்றதுதான் பிராப்ளம். மிஷின் ஆன் பண்ணா மத்த பசங்களையும் இழுத்துக்கிட்டு பாத்ரூம் பக்கம் போய் நிக்குது. 'ரே வருது, ரே வருது'ன்னு ஒரே கலாட்டா. டிங் அடிச்சப்புறமும், 'அடங்கட்டும், அடங்கட்டும்'னு சொல்லுது. கைக்கு, ஏன்? என்ன அடங்கணும்? யாரு சொல்லிக் குடுத்தா இத?"

"தெரியலைங்களே ஆன்ட்டி. டிவியில ஏதாச்சும் பாத்திருப்பா."

"ஹவ், ஹவ். டிவிதான்."

'ஆமாம்' என்று அர்த்தம் வரும் அந்த இரண்டாவது ஹவ்வில் அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது.

சூடு பண்ண வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். அதுவும் நடக்கவில்லை. டப்பா வைத்திருந்த மேஜை மெஷின் இருந்த அதே அறையில் இருந்ததாம். சூடு ஆறாத டப்பா வாங்கி அதில் பருப்புச் சாதம் பிசைந்து அனுப்பினேன். மூடியே திறக்கப்படாமல் திரும்பி வந்தது. சாயங்காலம் நான் போய்ச் சேர்வதற்குள் அவள் பசியில் அழுது, அழுத களைப்பில் தூங்கியிருப்பாள். லிஃப்டில் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது கனமே தெரியாது. சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்காமல் சுழல ஆரம்பித்தது. பின்னூசி குத்திவிட்டேன். குத்தும்போது, இந்த ஊசி திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று ஒரு புதுக் கவலை வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளின் பயத்தைப் போக்குவது எப்படி என்று போனில் தேடினேன். அரை மணி நேரத்தில், பயத்தைப் போக்கத் தவறிய தாய்மார்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"பயத்தை இன்ஸ்டால் பண்ணது நீ. அன்இன்ஸ்டாலும் நீதான் பண்ணோணும் அம்மணி," என்றார் கணவர்.

"நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமுங்கல்ல?"

"நான் மெக்கானிக்கல். என்னோட சிலபஸ்ல இல்ல."

ஆகவே தயார் செய்ய ஆரம்பித்தேன், பரீட்சைக்குத் தயார் செய்வது போலவே. படித்துக்கொண்டு போகும்போது ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருந்தது. எட்டுக் குழிகளை அத்தனை அழகாக வரைந்தவளுக்கு, அந்தக் குழிகள் எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். நடுவில் இருக்கும் கேத்தோடைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். குழாய்க்குள் காற்று கிடையாது, அதனால் வழியில் முட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. சுற்றியிருக்கும் செம்புச் சுவர் சில ஆயிரம் வோல்ட் வேறுபாட்டில் அவற்றை இழுக்கிறது. நேராகப் போய் மோதியிருந்தால் சுவர் சூடாவதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் மேலும் கீழும் ஒரு காந்தம் இருக்கிறது. அது எலக்ட்ரான்களின் வழியை வளைத்துவிடுகிறது. சுவரை நோக்கிக் கிளம்பியவை நடுவைச் சுற்ற ஆரம்பிக்கின்றன. சுற்றும்போது அந்தக் குழிகளின் வாயைக் கடக்கின்றன. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் உள்ளே இருக்கும் காற்று அதிர்வது போல, குழியின் சுவர்களில் மின்சாரம் இங்கும் அங்கும் ஊசலாடத் தொடங்குகிறது. அந்த ஊசலாட்டம் எலக்ட்ரான்களையும் சும்மா விடுவதில்லை. சிலவற்றை முன்னே தள்ளுகிறது, சிலவற்றைத் தடுக்கிறது. இப்படியே அவை கும்பல் கும்பலாகச் சேர்ந்து, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஒரே சீராகச் சுழல்கின்றன. தடுக்கப்பட்டவை இழக்கும் ஆற்றல் குழிகளுக்குப் போய்ச் சேர, ஊசலாட்டம் இன்னும் பெருகுகிறது. விநாடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி முறை. ஒரு சின்னக் கம்பி அதை வெளியே எடுத்து அடுப்புப் பெட்டிக்குள் விடுகிறது. அதுதான் மைக்ரோவேவ்.

படித்து முடித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சின்ன சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே ஞாயிற்றுக்கிழமை காலை மகளை உட்காரவைத்து, "மேக்னட்ரான் அப்படின்னா என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். வரையறை, அமைப்பு, செயல்படும் விதம். பதினாறு மதிப்பெண்ணுக்கும் எழுதிவிடும் வேகம். செயல்படும் விதத்துக்கு வருவதற்குள் அவள் சோபாவுக்கு அடியில் போய்விட்டாள்.

அங்கிருந்து வந்தது அவள் பள்ளியில் கற்றுக்கொண்ட பதுகம்மா பாட்டு. இந்த ஊரில் நவராத்திரி சமயத்தில் பூக்களைக் கோபுரமாக அடுக்கி நடுவில் வைத்து, பெண்கள் சுற்றிச் சுற்றிக் கை தட்டி ஆடுவார்கள். நம் கும்மி மாதிரிதான். முதலில் ஆளுக்கொரு பக்கம் தட்டுவார்கள். இரண்டு சுற்றுப் போனதும் அத்தனை கையும் ஒரே சத்தமாகிவிடும்.

நான் எழுந்து போய் இட்லிக் குண்டானைக் கொண்டுவந்து ஹால் நடுவில் கவிழ்த்தேன்.

"வெளிய வா கண்ணு. இதுதான் பதுகம்மா. ஆனா சூடான பதுகம்மா. நாம அதிலிருந்து குதிச்சு வெளிய வர்ற எலக்ட்ரானு."

தலை மட்டும் வெளியே வந்தது. சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். அவைதான் செம்புச் சுவர். நாற்காலிகளுக்கு நடுவே இருந்த சந்துகள் குழிகள்.

"என்னுங்க, நீங்க காந்தம். இங்க வந்து நில்லுங்க."

"நான் என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். காந்தம் ஒரு வேலையும் செய்யாது. மத்தவங்க போற வழியை மட்டும் திருப்பிவிடும்."

"அப்ப தினமும் செய்யறதுதான்," என்று அவரே சொல்லிவிட்டு வந்து நின்றார். நான் சொல்ல இருந்ததைப் பறித்துக்கொண்டதில் எனக்கு வருத்தம். ஆனால் இயற்பியல்படி நான் சொன்னது சரி. காந்தப்புலம் எலக்ட்ரானுக்கு ஆற்றல் எதையும் கொடுப்பதில்லை, திசையை மட்டும்தான் மாற்றுகிறது.

மகளுக்கு இது அநியாயமாகப் பட்டது. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "அப்பா, நுவ்வு ஏமீ சேயவா?" நீ ஒன்றுமே செய்ய மாட்டாயா என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"திரும்பு, திரும்பு!" என்று அவர் கத்த, நாங்கள் இருவரும் இட்லிக் குண்டானிலிருந்து பாய்ந்து, நாற்காலியில் மோதப் போய், திரும்பி, சுற்ற ஆரம்பித்தோம். ஒவ்வொரு சந்தைக் கடக்கும்போதும் ஒரு தட்டு. அவள் கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். பிறகு மெல்ல மெல்ல ஒன்றாகியது. கீழ் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலையோடுதான் ஓடினேன். இருந்தாலும் ஓடினேன்.

அப்போதுதான் அவள் நின்று கேட்டாள். "அம்மா, ஃபர்ஸ்ட் சப்பட்லு எவரு கொட்டாரு?"

முதலில் கை தட்டியது யார். எல்லா எலக்ட்ரானும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால், குழியில் ஊசலாட்டம் இல்லை. குழியில் ஊசலாட்டம் இல்லையென்றால் அவை கும்பலாகச் சேராது. அப்படியென்றால் ஆரம்பித்துவைத்தது யார்? பாடத்தில் இதற்கு ஒரு வரி உண்டு. எலக்ட்ரான்கள் கிளம்பும்போதே துளி ஏற்ற இறக்கம் இருக்கும், அந்த இரைச்சலில் குழிக்குப் பொருந்துகிற துளி பெருகிவிடும். அதைத்தான் சொன்னேன். "யாரும் வேணும்னு ஆரம்பிக்கல கண்ணு. எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாங்க, அதுல ஒண்ணு பொருந்திருச்சு."

"அதான் எவரு?"

"தெரியாது."

அம்மாவுக்குத் தெரியாது என்பது அவளுக்கு மேக்னட்ரானைவிட சுவாரசியமாக இருந்தது. "அப்பா, அம்மாக்கு தெலீது!" என்று ஓடினாள்.

அடுத்து பாட்டில். இதைத்தான் நான் முக்கியமாக நினைத்திருந்தேன். காலியான கண்ணாடி ஜூஸ் பாட்டிலை அவள் உதட்டில் வைத்து ஊதச் சொன்னேன். நிறையக் காற்றும் எச்சிலும் போன பிறகு 'ஊ' என்று சத்தம் வந்தது. நிறுத்தச் சொன்னேன். சத்தம் நின்றது.

"உள்ள பாரு. சத்தம் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கா?"

ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்தாள். கவிழ்த்துத் தட்டினாள். "லேது."

"அதே மாதிரிதான். டிங் அடிச்சா அலை நின்னுரும். சோத்துல ஒட்டிக்காது. அலை வரும்போது சோத்துல இருக்கிற தண்ணி ஆடும், ஆடி ஆடிச் சூடாகும், அவ்வளவுதான். கதவுல கறுப்பா சல்லடை மாதிரி இருக்கில்ல, அந்த ஓட்டையெல்லாம் ரொம்பச் சின்னது. அலையால அது வழியா வெளிய வர முடியாது."

நன்றாகச் சொன்னேன் என்றே இப்போதும் நினைக்கிறேன். அவள் யோசித்தாள். பிறகு சமையலறை வாசலுக்குப் போய், சிவப்புக் கோட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, தெலுங்கை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"அப்ப நீ போய் நில்லு."

"எங்க?"

"அங்க. மிஷின் கிட்ட."

கணவர் காந்தமாகவே நின்றுகொண்டிருந்தார். காலையில் மீந்த பொங்கலைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்தேன். கதவு நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். பொத்தானை அமுக்கினேன். கால் பழக்கத்தில் பின்னால் போனது. இழுத்து நிறுத்தினேன். அந்த ரீங்காரத்தை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் ஒப்பித்தேன். கேத்தோடு, ஆனோடு, எட்டுக் குழி, சல்லடை. எதுவும் உதவவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அம்மா, கண்ணைத் தொற!"

திறந்தேன். அவள் என் பொங்கலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிங். இம்முறை காத்திருக்காமல் கதவைத் திறந்தேன். ஒரு வாய் நான் தின்றேன். அவள் வந்தாள். கோட்டைத் தாண்டும்போது மட்டும் குதித்துத் தாண்டினாள்.

"உனக்கு பயமா?" என்றாள்.

"இல்லையே."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். கிண்ணத்தில் இருந்தது முழுவதும் போயிற்று. மிளகைக்கூட ஒதுக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆன்ட்டி அழைத்தபோது முதல் மணியிலேயே போனை எடுத்தேன்.

"சாப்ட்ருச்சும்மா. டப்பா காலி. ஆனா என்ன சொல்லிக் குடுத்த நீ? என்னை நடுவுல உக்கார வச்சு, 'ஆன்ட்டி, நீங்கதான் ஹாட் பதுகம்மா'ன்னு சொல்லி எல்லாம் சுத்திச் சுத்தி வருதுங்க. எனக்குத் தலை சுத்துது."

"சாரி ஆன்ட்டி."

"சாரி நக்கோ. சாப்பிடுது இல்ல, அது போதும். எங்கம்மாக்கு பயமே கிடையாது, பிராமிஸ் பண்ணாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கு."

பாவாடையிலிருந்து பின்னூசியை எடுத்துவிட்டேன். கன்னம் மெல்லப் பழையபடி ஆகிறது. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். என் குணத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஏனென்றால் அவள் சாப்பிடுவது மேக்னட்ரான் புரிந்ததால் அல்ல, பாட்டிலால் அல்ல, சல்லடையால் அல்ல. அம்மாவுக்குப் பயம் இல்லை என்று நம்பியதால். அது பொய். இன்னும் ஒவ்வொரு தடவையும், அவள் பார்க்கிறாள் என்பதற்காக மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். அவள் பள்ளிக்குப் போன பிறகு ஹாலுக்குப் போய்விடுகிறேன். போன வாரம் பள்ளி விடுமுறையை மறந்து ஹாலில் நின்றபோது, பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், "அம்மா, இக்கட ஏம் சேஸ்துன்னாவ்?" என்றது. இங்கே என்ன செய்கிறாய் என்று. துணி மடிக்கிறேன் என்றேன். கையில் துணியே இல்லை. அவள் என் கைகளைப் பார்த்தாள். அன்று மதியம் சாப்பிட்டாள். ஆனால் கொஞ்சம் மீதி வைத்தாள். அது சாதாரண மீதியா, வேறா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். என்னைப் போல அர்த்தமில்லாத பயத்தை வைத்துக்கொண்டு வளர்த்தவர்களும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். 'அம்மாவுக்குப் பயம்தான், ஆனா பயப்பட ஒண்ணும் இல்லைன்னும் அம்மாவுக்குத் தெரியும்' என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா? சொன்னால் அவள் பிடித்துக்கொள்வது எந்தப் பாதியை? அவள் மறுபடியும் பட்டினி கிடந்துவிடாமல் உண்மையைச் சொல்ல வழி இருக்கிறதா, அல்லது அவள் பெரியவளாகும்வரை நான் இப்படியே மெஷின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பதுதான் நல்லதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். என்னைத் திட்டியும் எழுதலாம், ஆனால் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.